லாம்சனின் கடைசி வீடு

பள்ளிக்கூடம் ஊரைவிட்டுப் போன அன்று டெஸ்ஸி வேலிமேல் ஏறி நின்று அதற்குக் கையசைத்தாள். குதிரைகள் முன்னால் இழுக்க, சறுக்குக் கட்டைகளின் மேல் உட்கார்ந்தபடி, கூண்டிலிருந்த மணி தானாக ஆடி ஒலிக்க, அது உறைந்த வயலைத் தாண்டிப் பிளம் ஆற்றுப் பக்கம் இறங்கியது. கரும்பலகையில் முந்தின நாள் போட்ட கணக்கு அழிக்கப்படாமல் சன்னல் வழியாகத் தெரிந்தது.

"நாளைக்குப் பள்ளிக்கூடம் எங்கம்மா?"

"ஆத்துக்கு அந்தப் பக்கம்."

"நாம எப்ப போவோம்?"

"நம்ம முறை வரட்டும்" என்றாள் அல்மீடா.

அது ஜனவரி. இப்போது மார்ச் பிறந்துவிட்டது. முறை இன்னும் வரவில்லை.

ரயில் பாதை ஆற்றுக்குக் கிழக்கே போகிறது என்று தெரிந்த நாளிலேயே லாம்சனின் கதை முடிந்துவிட்டது. பதினைந்து வருஷமாக அதுதான் டேவர் கவுண்டி என்ற மாவட்டத்தின் தலைநகர். நீதிமன்றமும் சிறையும் அங்கேதான் இருந்தன. சுற்றுவட்டாரக் கோதுமை வண்டிகளெல்லாம் அங்கேதான் வந்து நின்றன. ஆனால் ரயில் கம்பெனியின் ஆள் ஒருவன் இலையுதிர்காலத்தில் வந்து, ஆற்றுக்கு அந்தப்பக்கம் ஒரு மைல் தள்ளி, வெறும் புல்வெளியில் முளைக்குச்சிகளை அடித்து, அதற்கு ஆர்டெல் என்று பெயரும் வைத்துவிட்டுப் போனான். ரயில் வராத ஊருக்குக் கோதுமை வராது. கோதுமை வராத ஊரில் கடைக்கு என்ன வேலை, கடை இல்லாத ஊரில் மனிதர்களுக்குத்தான் என்ன வேலை? நெப்ராஸ்காவில் மரம் கிடைப்பதே அபூர்வம். புதிதாகக் கட்ட யாரால் முடியும்? ஆறு உறைந்ததும் ஊரையே தூக்கிக்கொண்டு போவது என்று முடிவாயிற்று.

தேவாலயத்தில் கூடி, கோதுமைத் தாள்களைச் சீட்டுப்போல உருவி முறை பிரித்தார்கள். ஒவ்வொருவர் கட்டடத்துக்கும் எல்லாரும் தோள் கொடுப்பது, கடைசிக் கட்டடம் கரையேறும்வரை யாரும் விலகுவதில்லை என்று ஆண்கள் எல்லாரும் கை தூக்கினார்கள். இருப்பதிலேயே குட்டையான தாள் அல்மீடாவின் கணவன் ஓரின் ஸ்டிரீட்டர் கையில் வந்தது. அவன் சிரித்தான். "நல்லதுதான். கடைசியா போறவனுக்கு வழி நல்லா தேஞ்சிருக்கும்" என்றான்.

அப்படித்தான் தேய்ந்தது. கொல்லன் பட்டறை போயிற்று, தேவாலயம் போயிற்று, பள்ளிக்கூடம் போயிற்று. உள்ளே அடுப்பு எரிய, புகைபோக்கியில் புகை வர, பெண்கள் ரொட்டி சுட்டுக்கொண்டிருக்கும்போதே வீடுகள் நகர்ந்து போயின. ஓரின் ஒன்றுவிடாமல் எல்லாவற்றுக்கும் போனான். பிப்ரவரியில் போட்வெல்லின் கடையை இழுத்தபோதுதான் சங்கிலி தெறித்து, ஒரு கட்டை உருண்டு அவன் காலில் ஏறியது. சரக்கை இறக்கிவிட்டு இழுக்கலாம் என்று எல்லாரும் சொன்னார்கள். போட்வெல் கேட்கவில்லை. ஆணி மூட்டைகளும் உப்புப் பீப்பாய்களுமாக, முழுக் கடையும் அப்படியே நகர்ந்தது.

அதற்குப் பிறகு நீதிமன்றம் போயிற்று. அதோடு லாம்சனில் மிஞ்சியது ஸ்டிரீட்டர்களின் தங்கும் விடுதி மட்டும்தான். மாடி வைத்த பெரிய வீடு, பின்னால் ஒட்டுப்போட்டாற்போல் ஒரு அடுப்படி. வழக்குக்கு வருகிறவர்களும் வக்கீல்களும் தங்கிய வீடு. இப்போது மாடி அறைகளில் கட்டில்கள் மட்டும் இருந்தன. ஊரில் மற்ற வீடுகள் இருந்த இடங்களில் சதுரம் சதுரமாகக் குழிகள் கிடந்தன. கிணறுகள் மட்டும் பழைய இடத்திலேயே இருந்தன. அவற்றை யாரும் இழுத்துப் போக முடியாதே.

ஆர்டெலில் ரயில் நிலையத்துக்கு எதிரே அவர்களுக்கு ஒரு மனை ஒதுக்கப்பட்டிருந்தது. ஏப்ரலில் முதல் ரயில் வரும்போது அதில் கட்டடம் நிற்க வேண்டும். இல்லையென்றால் மனை வேறு ஆளுக்கு. ஒமாகாவிலிருந்து வந்த ஒருவன் அதன்மேல் கண் வைத்திருப்பதாகப் பேச்சு அடிபட்டது. விடுதி இல்லாவிட்டால் கால் உடைந்த ஓரினுக்குப் பிழைப்பு கிடையாது. ஆற்றின்மேல் வீட்டைத் தாங்கும் பாலமும் கிடையாது. பனிக்கட்டி இருக்கும்வரைதான் வழி.

சனிக்கிழமை காலையில் அல்மீடா தூங்கி எழுந்தபோது ஒரு சத்தம் கேட்டது. கூரை விளிம்பிலிருந்து நீர் சொட்டும் சத்தம்.

முன்கூடத்தில் ஓரினும் அதைக் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தான்.

"சொட்டுது" என்றாள்.

"கேக்குது."

"போய்ச் சொல்லவா?"

"என்னன்னு சொல்லுவ? அவங்களுக்குக் காது இல்லையா? அங்கேயும் கூரை இருக்கு, அங்கேயும் சொட்டும்."

"மறந்திருப்பாங்க."

"மறக்குற ஆளுங்க இல்ல மீடா. பட்டறை வச்சாச்சு, கடை வச்சாச்சு. தன் வேலை முடிஞ்சவன் அடுத்தவன் வேலைய அவ்வளவு சீக்கிரம் நினைக்க மாட்டான்." அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். "நான் யார்கிட்டயும் கெஞ்சல. நீயும் கெஞ்சாத."

அல்மீடா அடுப்படிக்குப் போனாள். அவள் வாயைத் திறப்பதே அபூர்வம். விருந்தாளிகள் நிறைந்த மேசையில்கூட உப்பு வேண்டுமா என்று கேட்கத் தயங்கி, உப்பையே கொண்டுபோய் வைத்துவிடுவாள். கூட்டத்தைப் பார்த்தால் அவளுக்குக் கழுத்தெல்லாம் சிவந்துவிடும். ஆனால் அன்று முழுக்க அந்தச் சொட்டுச் சத்தம் விடவில்லை. பாத்திரம் தேய்க்கும்போது கேட்டது, மாவு பிசையும்போது கேட்டது.

மறுநாள் ஞாயிறு. டெஸ்ஸியைத் தகப்பனுக்குத் துணையாக வைத்துவிட்டு அவள் ஆற்றின்மேல் நடந்து ஆர்டெலுக்குப் போனாள்.

தேவாலயம் அங்கே செங்கல் மேடைமேல் ஏறி உட்கார்ந்திருந்தது. பழைய பெஞ்சுகள், பழைய அடுப்பு. அவள் கடைசி வரிசையில், எப்போதும் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தாள். போதகர் ஆசீர்வாதம் சொல்லி முடித்ததும் எல்லாரும் எழுந்தார்கள். அவளும் எழுந்தாள். எழுந்தவள் நகரவில்லை.

"ஒரு வார்த்தை சொல்லணும்" என்றாள். யாருக்கும் கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னாள். கொல்லன் குபிச்காவுக்குக் கேட்டுவிட்டது.

"கொஞ்சம் நில்லுங்கப்பா. ஸ்டிரீட்டர் வீட்டம்மா பேசுறாங்க. இவங்க பேசி நான் கேட்டதே இல்ல" என்றான்.

சிரிப்பு எழுந்து அடங்கியது. அல்மீடா முன் பெஞ்சின் முதுகை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"எடம் மாறியிருக்கலாம். ஆனா கட்டடம் இதேதான். இதுக்குள்ளதான் கை தூக்குனீங்க." ஆற்றுப் பக்கம் கைகாட்டினாள். "கூரை சொட்டுது. எங்க வீடு இன்னும் அங்கேயே நிக்குது."

போட்வெல் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். கனமான மனிதர், புதிய ஊரின் மனைகளைப் பங்கிட்டவர் அவர்தான்.

"மிஸஸ் ஸ்டிரீட்டர், யாரும் இல்லன்னு சொல்லல. தானியக் கிடங்கு வேலை நடக்குது, குதிரையெல்லாம் அதுல நிக்குது. பனியும் இப்ப நம்புற மாதிரி இல்ல. அடுத்த குளிர்காலம் வரைக்கும் பொறுத்துக்கிட்டா…"

"அடுத்த குளிர்காலத்துல அந்த மனை இருக்குமா?"

போட்வெல் தொப்பியைக் கையில் சுழற்றினார்.

"அவரு கடைய இழுத்தப்பதான் ஓரினோட கால் போச்சு" என்று குபிச்கா கூரையைப் பார்த்துச் சொன்னான். "உப்புப் பீப்பாயில ஒண்ணக்கூட இறக்கக் கூடாதுன்னாரு. கர்த்தரோட வீட்டை இழுத்தப்பக்கூடப் பாட்டுப் புத்தகத்தையெல்லாம் இறக்கிட்டுத்தான் இழுத்தோம்."

அடுப்பருகே நின்றிருந்த டோர்வால்ட் அப்போது வாய் திறந்தான். நார்வேக்காரன், கட்டடம் நகர்த்துவதே அவன் தொழில். திருகு ஜாக்கிகளும் உறுதியான கருவாலி மரத்து நீளக் கட்டைகளும் அவனுடையவை. "நாளைக்கு வந்து பனியத் துளை போட்டுப் பாக்குறேன். தாங்கும்னா இழுப்போம். தாங்காதுன்னா மனுஷனால ஆகுறது ஒண்ணும் இல்ல, அம்மா."

சொன்னபடி திங்களன்று வந்தான். ஜனவரியிலிருந்து எல்லாக் கட்டடமும் போன அதே தடத்தில் நடந்து, அங்கங்கே துளைபோட்டு, கையை விட்டு ஆழம் பார்த்தான். அல்மீடா கரையில் நின்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தாங்கும். வியாழக்கிழமை குதிரை கிடைக்கும். அதுவரைக்கும் இந்தக் கனம் இருந்தாப் போதும்." திரும்பி நடந்தவன் சட்டென்று வழுக்கி ஒரு முழங்காலில் விழுந்தான். எழுந்து கால்சட்டையைத் தட்டினான். "ஆனா மேல கண்ணாடி மாதிரி ஆயிடுச்சு. பகல்ல உருகுது, ராத்திரி இறுகுது. குதிரைக்குப் பிடிமானமே இருக்காது. வைக்கோல் வச்சிருக்கீங்களா?"

"இல்ல. இருந்ததெல்லாம் மாடு தின்னுருச்சு."

"எங்கேயும் அப்படித்தான்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவன் போனபிறகு அவள் வெகுநேரம் ஆற்றைப் பார்த்தபடி நின்றாள். ஜனவரியில் குதிரைகள் வழுக்கியபோது ஆண்கள் என்ன செய்தார்கள் என்பது நினைவுக்கு வந்தது. வீட்டுக்கு வீடு அடுப்புச் சாம்பலை வாங்கி வந்து தடத்தில் தூவினார்கள். அவளே இரண்டு வாளி கொடுத்திருக்கிறாள்.

விடுதிக்குப் பின்னால் குளிர்காலம் முழுவதும் கொட்டிய சாம்பல் ஆளுயரத்துக்குக் குவிந்து கிடந்தது.

அன்றைக்கே தொடங்கிவிட்டாள். துணி வெளுக்கும் தொட்டியை டெஸ்ஸியின் சறுக்கு வண்டியில் வைத்துக் கட்டி, மண்வெட்டியால் சாம்பலை நிரப்பி, இழுத்துக்கொண்டு போனாள். இந்தக் கரையிலிருந்து தொடங்கி, தடத்தின் அகலம் முழுக்க, ஒரு இடம் விடாமல் போட்டாள். கஞ்சத்தனம் செய்யவில்லை. ஒரு குதிரை விழுந்தாலும் எல்லாம் கெட்டுவிடும் என்ற பயம் அவளுக்கு. செவ்வாய் முழுக்கப் போட்டாள். புதனன்றும் போட்டாள். வெயில் நன்றாக அடித்தது. போர்வையைக் கழற்றி வைத்துவிட்டு வேலை செய்தாள். கைப்பிடி உராய்ந்து உள்ளங்கை கொப்பளித்து உடைந்தது. வெள்ளை ஆற்றின் குறுக்கே கருப்பாக ஒரு சாலை நீண்டது. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு, பல மாதங்களுக்குப் பிறகு, தன் கையால் ஒரு காரியம் ஆகிறது என்ற தெம்பு வந்தது.

ஆனால் எதிர்க்கரை நெருங்கும்போது சாம்பல் தீர்ந்துவிட்டது. ஒரு வீட்டு நீளத்துக்குச் சற்று அதிகமான தூரம் வெறும் பனியாகவே மிச்சமிருந்தது. தொட்டியைக் கவிழ்த்துத் தட்டினாள், மண்வெட்டியால் சுரண்டினாள். வீட்டுக்குத் திரும்பி வந்து எரிகிற அடுப்பின் அடித்தட்டைக்கூட இழுத்து வழித்தாள். அது ஒரு கை அளவுக்குக்கூடத் தேறவில்லை. அடுப்படித் தரையில் உட்கார்ந்து அழுதாள்.

"என்ன ஆச்சு?" என்று முன்கூடத்திலிருந்து ஓரின் கேட்டான்.

"சாம்பல் பத்தல."

"உலகத்துலேயே சாம்பல் பத்தலன்னு அழுற பொம்பள நீ ஒருத்திதான்" என்றான். அவளுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது.

அன்று இரவு லேசாகப் பனி பெய்து கருப்புச் சாலையை மூடிவிட்டது.

வியாழன் காலையில் வந்துவிட்டார்கள். டோர்வால்ட், குபிச்கா, இன்னும் பத்துப் பன்னிரண்டு பேர். குதிரைகள் பெரும்பாலும் போட்வெல்லுடையவை என்பதால் அவரும் வந்து, எதிர்க்கரை மேட்டில் நின்றுகொண்டார். ஜாக்கிகளைத் திருகி வீட்டைத் தூக்கி, அடியில் இரண்டு நீளக் கருவாலிக் கட்டைகளைச் செருகினார்கள். ஆறு வீட்டின் பின்பக்கம் இருந்ததால் அடுப்படியை முன்னால் வைத்துத்தான் இழுக்க வேண்டியிருந்தது.

"உன்ன வண்டியில ஏத்தி முன்னாடி அனுப்பிடவாடா?" என்று குபிச்கா ஓரினைக் கேட்டான்.

"எல்லாரும் அவங்கவங்க வீட்டுக்குள்ள உக்காந்து தான போனீங்க? நானும் எங்க வீட்டுலயே போறேன்."

"நாங்க உக்காந்து போனோம். நீ படுத்துக்கிட்டுப் போற. பெரிய மனுஷன்."

அல்மீடா அடுப்பில் அவரைக்கொட்டையும் உப்புப் பன்றிக்கறியும் ஏற்றினாள். கரையேறியதும் இத்தனை பேருக்கும் சோறு போட வேண்டுமே. டோர்வால்டிடம் போய் மெல்லச் சொன்னாள்: "வழி பூரா சாம்பல் போட்டிருக்கேன். கடைசியில கொஞ்சம் விட்டுப்போச்சு."

"நல்ல வேலை பண்ணீங்கம்மா" என்றான் அவன், சங்கிலியை மாட்டியபடியே. கரையோரத்தில் ஒரு துளை போட்டுப் பார்த்தான். மரநிழல் விழும் இடம் அது. திங்களன்று இருந்த கனம் அப்படியே இருந்தது. கையை உயர்த்தினான்.

வீடு முனகியது. நகர்ந்தது. அலமாரியில் தட்டுகள் கிணுகிணுத்தன. அடுப்படிச் சன்னல் வழியாக டெஸ்ஸி கரை பின்னால் போவதைப் பார்த்துக் கத்தினாள்: "அப்பா, நாம போறோம்."

"போகட்டும், போகட்டும்" என்றான் ஓரின் முன்கூடத்திலிருந்து.

குதிரைகள் ஒன்றுகூட வழுக்கவில்லை. மெல்லிய புதுப்பனிக்கு அடியில் சாம்பல் அவற்றின் குளம்புகளைப் பிடித்துக்கொண்டது. அல்மீடா அடுப்படி வாசலில் நின்று அந்தக் குளம்புகளையே பார்த்தாள். ஒவ்வொரு அடியும் தான் வைத்த அடி என்று அவளுக்குத் தோன்றியது. ஆற்றின் நடுப்பகுதி வந்தது, கடந்தது. எதிர்க்கரையில் யாரோ தொப்பியை ஆட்டினார்கள்.

முன்வரிசைக் குதிரைகள் சாம்பல் முடிந்த இடத்துக்கு வந்தன.

முதல் குதிரை முன்னங்கால் விரிந்து விழுந்தது. அடுத்தது அதன்மேல் மோதியது. சங்கிலி தளர்ந்தது. வீடு நின்றது.

"எழுப்புங்க, எழுப்புங்க. நிக்க விடாதீங்க" என்று டோர்வால்ட் ஓடினான். குதிரைகள் எழுந்தன, இழுத்தன, மறுபடி சறுக்கின. சாக்குகளை, சட்டைகளை, கிடைத்ததையெல்லாம் குளம்புகளுக்குக் கீழே போட்டார்கள். ஊர்ந்து ஊர்ந்து, அடுப்படி மட்டும் சாம்பலைத் தாண்டி வெறும் பனிமேல் ஏறியது. பெரிய வீடு இன்னும் சாம்பல்மேல்தான் நின்றது.

அப்போது அடியிலிருந்து நீண்ட பெருமூச்சு போல ஒரு சத்தம் வந்தது. அல்மீடாவின் காலுக்குக் கீழே தரை மெல்லச் சாய்ந்தது. அவரைப் பானை அடுப்புமேல் ஒரு விரற்கடை நகர்ந்தது.

டோர்வால்ட் பின்பக்கம் ஓடிப்போய்ப் புதுப்பனியைக் காலால் ஒதுக்கினான். அடியில் கருப்பு. குனிந்து விரலால் அழுத்தினான். விரல் உள்ளே போயிற்று. பனிக்கட்டி தேன்கூடு போலத் துளைதுளையாக இருந்தது, துளை ஒவ்வொன்றிலும் நீர். பெரிய வீட்டின் பின்மூலை சாண் அளவுக்கு இறங்கிவிட்டிருந்தது.

அவன் நிமிர்ந்து, அடுப்படி வாசலில் நின்ற அவளைப் பார்த்தான். கோபமாகப் பார்க்கவில்லை. அதுதான் அவளால் தாங்க முடியாமல் இருந்தது.

"ஜனவரியில சாம்பல் பிடிமானம்" என்றான். "மார்ச்சுல வெயில் கருப்பத்தான் தேடி உக்காரும். நீங்க சொன்னப்பவே எனக்குத் தோணியிருக்கணும். எனக்கும் தோணல."

அல்மீடா கொப்பளித்த தன் உள்ளங்கைகளைப் பார்த்தாள். மூன்று நாள். தொட்டி தொட்டியாக. ஒரு இடம் விடாமல்.

"குதிரைய அவுத்து விடுங்க" என்று கரையிலிருந்து போட்வெல் கூவினார். "வீடு போனா போகுது. என் குதிரைங்க போகக் கூடாது."

"உள்ள மனுஷன் இருக்கான்யா" என்று குபிச்கா திருப்பிக் கத்தினான்.

நான்கு பேர் உள்ளே ஓடினார்கள். கூடத்துக் கதவைக் கழற்றி, அதில் ஓரினைக் கிடத்தி, சாய்ந்த தரையில் தடுமாறித் தடுமாறி அடுப்படிக்குத் தூக்கி வந்தார்கள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால், காலியான கூடத்தில், ஒரு நாற்காலி தானாகச் சறுக்கிப்போய்ச் சுவரில் முட்டி நின்றது.

"டெஸ்ஸிய வெளிய தூக்கிட்டுப் போங்க" என்றான். "மீடா, நீயும் இறங்கு."

அவள் இறங்கவில்லை. கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடுவே இருந்த கதவு நிலையில் கைவைத்து நின்றாள். அந்தப் பக்கம் ஏழு அறைகள், மாடிப்படி, நீள மேசை. கல்யாணமான வருஷம் ஓரின் தன் கையால் எழுப்பிய சுவர்கள். இந்தப் பக்கம் ஓர் அடுப்பு, ஒரு சன்னல், படுத்திருக்கும் புருஷன். பெரிய வீடு இறங்கினால் அடுப்படியையும் கூடவே இழுத்துக்கொண்டுதான் இறங்கும்.

"இங்க வெட்டுங்க" என்றாள்.

டோர்வால்ட் வாசலில் நின்று கேட்டான்: "என்னம்மா?"

"அடுப்படிய மட்டும் தனியா வெட்டி எடுங்க. இது நல்ல பனிமேல நிக்குது. இங்க சாம்பல் விழல."

எல்லாரும் ஓரினைப் பார்த்தார்கள். அவன் மனைவியின் முகத்தைப் பார்த்தான். பிறகு, மூச்சு வாங்க, கதவுப் பலகையில் படுத்தபடியே கையை நீட்டிக் காட்டினான். "இத நான் அப்புறமா ஒட்டவச்சதுதான். அந்த மூலையில மேல் சட்டத்துல மூணு ஆணி. கீழ ரெண்டு. கோடாலிய அந்த இடுக்குல விடு, குபிச்கா. பலகைய உடைக்காத, பிரிஞ்சு வரும்."

கோடாலிகள் விழுந்தன. கூரையின் மரச்சில்லுகள் அவரைப் பானையில் கொட்டின. வெளியே, வீட்டுக்கும் அடுப்படிக்கும் சேர்த்து அடியில் நீண்டு கிடந்த இரண்டு கருவாலிக் கட்டைகளையும் அறுத்தாக வேண்டும். டோர்வால்ட் ரம்பத்தை வைத்துவிட்டு ஒரு நிமிஷம் அந்த மரத்தைத் தடவினான். மிசௌரியிலிருந்து வரவழைத்த கட்டைகள். அவை இல்லாமல் அவனுக்குத் தொழில் இல்லை. பிறகு அறுக்கத் தொடங்கினான். மறுபக்கம் ரம்பத்தைப் பிடிக்க ஒருவர் வந்து மண்டியிட்டார். நிமிர்ந்து பார்த்தான். போட்வெல்.

"என்ன பாக்குற? இழு" என்றார் அவர்.

இரண்டாவது கட்டை அறுபட்டதும் சுவர் கிறீச்சிட்டுப் பிரிந்தது. வெளிச்சம் உள்ளே பாய்ந்தது. குதிரைகள், இப்போது சின்னச் சுமை, வெறும் பனியில் சறுக்கியும் எழுந்தும் இழுத்தன. அடுப்படி நகர்ந்தது. சுவர் இருந்த பக்கம் திறந்து கிடக்க, அதன் வழியாக அல்மீடா தன் வீட்டைப் பார்த்தாள். பொம்மை வீடு போல அதன் உள்ளெல்லாம் தெரிந்தது: நீள மேசை, மாடிப்படியின் கைப்பிடி, சுவர்த்தாளின் நீலப் பூக்கள். அது சிறிதாகிக்கொண்டே போனது.

சாயங்காலம் அடுப்படி ரயில் நிலையத்துக்கு எதிரே மனையில் உட்கார்ந்தது. அவ்வளவு பெரிய மனையில் அது பல்லில்லாத வாயில் ஒற்றைப் பல் மாதிரி இருந்தது.

"கட்டடம் நிக்கணும்னுதான பேச்சு?" என்று குபிச்கா சத்தமாக, பொதுவாக, சொன்னான். "எவ்வளவு பெருசுன்னு யாரும் சொல்லலையே."

போட்வெல் அவனைப் பார்க்கவில்லை. "முதல் ரயில்ல ஒமாகாக்காரன் வருவான். அதுவரைக்கும் நிக்கட்டும். அப்புறம் கம்பெனி சொல்றதுதான்" என்றார். பிறகு திறந்த பக்கத்தில் தொங்கவிடத் தன் கடையிலிருந்து ஒரு தார்ப்பாயைக் கொடுத்தனுப்பினார்.

அல்மீடா மேலாக விழுந்த சில்லுகளைப் பொறுக்கி எறிந்துவிட்டு எல்லாருக்கும் அவரையைப் பரிமாறினாள். நின்றபடியே சாப்பிட்டார்கள். அடிக்கடி யாராவது பல்லிடுக்கிலிருந்து ஒரு மரத்துணுக்கை எடுத்தார்கள்.

வீடு இரண்டு நாள் ஆற்றின்மேல் நின்றது. முதலில் எதையாவது எடுத்து வரலாம் என்று சிலர் கிளம்பிப் போனார்கள். கரையிலேயே நின்று பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். சனிக்கிழமை நடுப்பகலில் துப்பாக்கி வெடிப்பது போல ஒரு சத்தம் கேட்டது, பிறகு வரிசையாகப் பல சத்தங்கள். ஊரே ஆற்றங்கரைக்குப் போனது. பிள்ளைகளும் போனார்கள். அல்மீடா கடைசியில் போனாள்.

பனிப்பாளங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, கவிழ்ந்து, புரண்டன. அவற்றின் நடுவே வீடு நிமிர்ந்தே மிதந்தது. மெல்லச் சுற்றியது. முன்வாசல் ஒரு முறை ஆர்டெல் பக்கம் திரும்பியது, பிறகு லாம்சன் பக்கம். மாடிச் சன்னலில் திரைச்சீலை அசைந்தது. வளைவில் ஒரு பெரிய பாளம் இடித்ததும் கூரை முன்னால் மடிந்தது, ஒருவர் குனிந்து கும்பிடுவது போல. ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். டெஸ்ஸி கையசைக்கவில்லை.

மறுநாள் காலையில் அல்மீடா அடுப்பை மூட்டுவதற்கு முன் சாம்பல் தட்டை வெளியே இழுத்தாள். நிறைந்திருந்தது. பழக்கத்தில், கூடத்துக்குப் போகும் நிலை இருந்த இடத்தைத் தாண்டிக் காலை வைத்தாள். அங்கே தரை இல்லை. தார்ப்பாய் முகத்தில் அடித்தது. தட்டோடு சேற்றில் விழப்போனவள் மூலைச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

அப்படியே நின்றுவிட்டாள். தார்ப்பாயின் விளிம்பு வழியாக ஆர்டெலின் தெரு தெரிந்தது. பனியெல்லாம் உருகி, கணுக்கால் புதையும் கருப்புச் சேறு. சாம்பல் சூடாக இருந்தது. அதை எங்கே கொட்டுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"மீடா" என்று ஓரின் படுக்கையிலிருந்து கூப்பிட்டான். "எவ்வளவு நேரம் அதைப் புடிச்சுக்கிட்டு நிப்ப? கை சுட்டுக்கப் போகுது."

"நான்தான் வீட்ட மூழ்கடிச்சேன்."

"பனிய எனக்கும் தெரியும். இங்க படுத்துக்கிட்டு நீ தொட்டிய இழுக்குற சத்தத்த மூணு நாளும் கேட்டேன். வேண்டாம்னு ஒரு வார்த்தை சொன்னேனா?"

"உங்களுக்குத் தெரியுமா, சாம்பல் பனிய உருக்கும்னு?"

"தெரியும்னு இப்பதான் தெரியுது" என்றான்.

அவள் அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். நிஜமாகவே இப்போதுதான் தெரிந்ததா, தன்னைத் தேற்றச் சொல்கிறானா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. கேட்கவும் இல்லை. வெளியே, ரயில் பாதை போடும் ஆள் ஒருவன் சேற்றில் கால் வழுக்கி, திட்டிக்கொண்டே, அடுப்படிப் புகைபோக்கியைப் பார்த்தபடி வந்துகொண்டிருந்தான். சாப்பாடு கிடைக்குமா என்று கேட்கத்தான் வருகிறான் என்பது நடையிலேயே தெரிந்தது. இனி வாசலாகிவிட்ட அந்தத் திறப்புக்கு முன்னால் ஒரு பள்ளம் இருந்தது. அதில் விழப்போகிறான்.

அல்மீடா குனிந்தாள். தட்டைச் சாய்க்கப்போய் நிறுத்தி, மறுபடி சாய்த்து, ஒரு பிடி, இன்னும் ஒரு பிடி என்று, எண்ணெய் ஊற்றுவது போலக் கொஞ்சம் கொஞ்சமாக, வாசலுக்கும் அவனுக்கும் நடுவே சாம்பலைப் போட்டாள்.